குத்தூசி

யஷ்வந்த்பூர் யார்டில் முப்பத்தோரு வருஷம்
சாக்கின் வயிற்றில் குத்தூசி இறக்கிப்
பிழைத்தவன் நான்.
உள்ளங்கையில் ஒரு பிடி அரிசி விழும்.
ஊதிப் பார்ப்பேன், ஒன்றைக் கடிப்பேன்,
நொய் எவ்வளவு, பழுப்பு எவ்வளவு,
லாரி முழுவதற்கும் விலை சொல்லிவிடுவேன்.

போன ஆடியில் என்னைக் குத்தினார்கள்.
ஒவ்வொன்றுக்கும் ஸ்டேப்ளர் அடிக்கிற மாதிரி
ஒரு டக்.
தொழில் பழக்கம், எண்ணிக்கொண்டே படுத்திருந்தேன்:
வலப்பக்கம் ஆறு, இடப்பக்கம் ஆறு.
நூல் நூலாய்ப் பன்னிரண்டு சதைத்துணுக்கு
பன்னிரண்டு குப்பியில்.
மூன்றில் இருந்தது.
மூன்றும் மூன்றும் ஆறு என்றது தாள்.

ஆறு என்றால் சாது, என்றார் டாக்டர் ஹெக்டே.
விட்டுவைத்துப் பார்த்துக்கொண்டும் இருக்கலாம்,
எடுத்தும் விடலாம்.
"எடுத்துடுங்க" என்றாள் திலகவதி,
என் முகத்தைப் பார்க்காமல்
கைப்பை ஜிப்பை இழுத்துக்கொண்டே.

புரட்டாசியில் எடுத்தார்கள்.
மறுநாள் விடியலில் நர்ஸ் ஷீஜா
"ஏளி சார், ஏளி" என்று தோளைத் தட்டினாள்.
மயக்கம் தெளியாத காதில்
அது எண்ணாக விழுந்தது.
கன்னடத்தில் ஏளு என்றால் ஏழு.
ஏளு என்றால் எழுந்திரு.
எழுந்தேன். நடந்தேன்,
மண்ணெண்ணெய் வாங்கி வருகிறவன்போல்
மூத்திரப் பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

பதினோரு நாள் கழித்து வந்தது இரண்டாம் தாள்.
இந்த முறை மூட்டை முழுவதும்.
ஓரமெல்லாம் மை தடவி,
ரொட்டி போல் வகுந்து, மெழுகில் பதித்து,
சீவல் சீவலாய்க் கண்ணாடிக்குக் கீழே
பார்த்திருக்கிறார் யாரோ ஒருவர்,
கையெழுத்து மட்டும் எனக்குத் தெரிந்தவர்.
நாலும் மூன்றும் ஏழு.

"அப்ப முதல்ல சொன்னது பொய்யா?"
மருமகன் தாளை ஆட்டினான்,
வழக்குப் போடப்போகிற குரலில்.
ஹெக்டே பென்சிலால் ஒரு வட்டம் போட்டார்,
எலுமிச்சை அளவு.
அதற்குள் பன்னிரண்டு கோடு கிழித்தார்.
கோடுகளுக்கு நடுவே எவ்வளவு வெள்ளை.
அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு விளக்க வேண்டியதில்லை.
சிந்தனூரிலிருந்து ஒரு லாரி, பல வருஷம் முன்பு,
இருநூற்று நாற்பது மூட்டை சோனா மசூரி.
மேலே, பக்கவாட்டில், பின்பலகையில்
பதினெட்டுக் குத்து. பால் வெள்ளை.
இறக்கிப் பிரித்தால் நடு அடுக்கு
ஈரத்தில் கட்டி தட்டி நாறுகிறது.
மில்காரர் மகேசப்பாவை
ஹமாலிகள் முன்னால் திருடன் என்றேன்.
அவர் ஒன்றும் பேசாமல் தார்ப்பாயை விரித்து
ஒரு விரல் நுழையும் கிழிசலைக் காட்டினார்.
வழியில் மழை.
ஊசி போன இடத்தை ஊசி சொன்னது.
போகாத இடத்தை நான் சொன்னேன்.

வெளியே பெஞ்சில் நஞ்சுண்டய்யா,
ரிட்டையர்டு கண்டக்டர், பக்கத்துக் கட்டில்காரர்.
ஊசியில் அவருக்கு நாலும் நாலும் எட்டு.
நாமினி பெயரெல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டு
மேஜைக்குப் போனவர்.
முழுத்தாளில் இறங்கிவிட்டது:
மூன்றும் நாலும்.
"நமகிப்பரிகூ ஏளு!" என்று
என் கையைப் பிடித்துக் குலுக்கினார்,
நம் ரெண்டு பேருக்கும் ஏழு.
கேன்டீனில் ரெண்டு காபி சொல்லி
சில்லறையை இரண்டு தரம் எண்ணிக் கொடுத்தார்.

கூட்டலில் இடம் மாறினால் விடை மாறாது என்று
ஸ்ரீராமபுரம் பள்ளிக்கூடத்தில்
தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்தார்கள்.
இந்தக் கூட்டலில் மாறும்.
எது அதிகமோ அது முன்னால் நிற்கும்.
அவருக்கு முன்னால் மூன்று.
எனக்கு நாலு.
நான் சொல்லவில்லை.
காபி நன்றாக இருந்தது.

ஓரம் சுத்தம் என்கிறது தாளின் கடைசி வரி.
அடுத்த ரத்தம் தையில் எடுப்பார்கள்.
அதுவரை வேட்டிக்குள் பஞ்சு,
இருமலுக்கும் தும்மலுக்கும் பயம்.

நேற்று ராத்திரி சமையலறை வாசலில்
நின்றுகொண்டிருந்தேன், சும்மா.
திலகவதி மூடியைத் திறந்து
கரண்டி நுனியில் ஒரு பருக்கை எடுத்து
விரலால் நசுக்கினாள்.
"வெந்துடுச்சு."
அடியில் பார், என்றேன்.
"அடியில என்ன?"
ஒன்றுமில்லை.
வடி.